விடுதலைப் பத்திரம் எழுதிய கை

“அக்கா, விடுதலைப் பத்திரம் மாடல் ஒன்னு இருந்தா வாட்ஸ்அப்ல அனுப்புங்க. அவசரம்.”

போன மாதம் ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு வந்த செய்தி இது. அனுப்பிய தம்பி கல்லூரி மாணவர். காலனியில் இரவுப் பாடசாலை நடத்துகிறார். ஏப்ரல் 14 விழாவுக்கு வசூல் செய்தால் ஒவ்வொரு ரூபாய்க்கும் தெருவில் கணக்கு ஒட்டுகிறவர். எதற்குப்பா என்று கேட்டேன். அவர் தெருவில் ஒரு கணவன் மனைவிக்குள் ஆறு மாதமாகச் சண்டை. அந்தப் பெண் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். ‘நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு போலீஸு, கோர்ட்டு’ என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மன்றத்தில் வைத்து எழுதிக் கையெழுத்து வாங்கப்போகிறார்கள். நன்றாக எழுதத் தெரிந்தவர் இவர்தான்.

அந்த மாடல் என்னிடம் இருக்கிறது. என் கையெழுத்திலேயே இருக்கிறது. 2019-இல் இதே போன்ற ஒரு மன்றத்தில், அண்ணல் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் நான் எழுதியது. அதைத் தம்பிக்கு அனுப்பவில்லை. அந்தத் தாள் ஒரு பெண்ணுக்கு என்ன செய்தது என்று இங்கே சொல்கிறேன். எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதை எழுதும் வேலை எப்போதும் நம்மைப் போல் படித்தவர்களிடம்தான் வந்து சேர்கிறது.

அவரை இங்கே செல்வி என்று அழைக்கிறேன். அப்போது வயது 26. கணவர் மினி லாரி ஓட்டுகிறவர். குடி, அடி, பிறகு வேறொரு தொடர்பு. எட்டு வருடத் திருமணம். மூத்தது பெண், ஆறு வயது. இளையவன் பையன், நான்கு வயது. இருவரும் ஒரே சாதி, பக்கத்துப் பக்கத்து ஊர். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் நம் அமைப்புத் தோழர்களும் கூடிப் பேசினார்கள். நான் சமூகவியல் முதுகலை முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த புதிது. ‘படிச்ச பொண்ணு, நீயே எழுதும்மா’ என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

நான் எழுதியது இதுதான்: இருவரும் மனம் ஒத்துப் பிரிகிறோம். கணவர் 40,000 ரூபாய் கொடுத்துவிட்டார். போட்ட நகையில் மிச்சமிருந்த இரண்டு பவுன் திருப்பித் தரப்பட்டது. பெண் குழந்தை தாயிடம், ஆண் குழந்தை தந்தையிடம். இனி ஒருவர் விஷயத்தில் ஒருவர் தலையிடக் கூடாது. வருங்காலத்தில் ஜீவனாம்சமோ வேறெந்தத் தொகையோ கேட்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக மாட்டேன் என்று மனைவி சம்மதிக்கிறார். சாட்சிகள் ஆறு பேர். எழுதியவர் என்று என் பெயர்.

‘மனம் ஒத்துப் பிரிகிறோம்’ என்று போட்டால் நாகரிகமாக இருக்கும் என்று நினைத்தேன். செல்வி கையெழுத்துப் போடும்போது பையனைத் திரும்பிப் பார்த்தார். அவன் யாரோ வாங்கித் தந்த மிக்சர் பொட்டலத்தோடு வாசலில் இருந்தான். யாரும் எதுவும் பேசவில்லை.

மூன்று வருடம் கழித்து, 2022-இல், செல்வி என்னைத் தேடி வந்தார். 40,000 ரூபாய் ஒரே வருடத்தில் தீர்ந்துவிட்டது. மகள் நான்காம் வகுப்பு. நூறு நாள் வேலையும் கரும்பு வெட்டும் இருந்தால் சாப்பாடு, இல்லையென்றால் அண்ணன் வீட்டுப் பேச்சு. பையனைப் பார்க்கப் போனால் வாசலிலேயே நிறுத்தி, ‘அதான் எழுதிக் குடுத்துட்டியே’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்குத்தான் நான் முதன்முறையாகச் சட்டத்தைத் திறந்து பார்த்தேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இத்தனை காலம் நீதிமன்ற வராண்டாவில் நின்ற அனுபவத்தில் சில விஷயங்களைச் சொல்ல முடியும்.

முதலாவது, அந்தத் தாள் விவாகரத்தே இல்லை. இந்து திருமணச் சட்டம் 1955-இன்படி நடந்த திருமணத்தை நீதிமன்றம்தான் கலைக்க முடியும். சுயமரியாதைத் திருமணமும் இதில் அடங்கும். 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7-ஏ பிரிவு அதற்குத்தான். சாதி வழக்கப்படி பிரியும் முறைக்கு அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அப்படியொரு வழக்கம் எங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நீதிமன்றத்தில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். மன்றத்தில் நான்கு பேர் கூடிப் பத்திரம் எழுதினால் அது நிரூபணமாகிவிடாது. ஆக, சட்டத்தின் கண்ணில் செல்வி இன்றைக்கும் அவர் மனைவி. அந்த மனிதர் அடுத்த வருடமே இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணும் நம் பெண்தான். அவருக்குச் சட்டப்படி திருமணமே ஆகவில்லை என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஒரு தாளில் இரண்டு பெண்களைக் கைவிட்டிருக்கிறோம்.

(பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்ட பெண்களின் நிலை இன்னும் சிக்கல். இரண்டாவது கணவர் கைவிட்டால், ‘உனக்கு முதல் திருமணம் முறியவில்லை, நீ என் மனைவியே இல்லை’ என்பார். தெலங்கானாவிலிருந்து போன ஒரு வழக்கில், இதே மாதிரி ஒப்பந்தத் தாளில் முதல் திருமணத்தை முடித்துக்கொண்ட பெண்ணுக்கு, இரண்டாவது கணவர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பெண் அதற்காக டெல்லி வரை போக வேண்டியிருந்தது.)

இரண்டாவது, நான் நாகரிகம் என்று நினைத்து எழுதிய அந்த வரி. ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144. எண் மாறியது, சாரம் அப்படியே இருக்கிறது. அதன் நான்காவது உட்பிரிவு, கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கிறது. நீதிமன்றம் மூலம் விவாகரத்து ஆன பெண்ணுக்கு இந்தத் தடை பொருந்தாது. மறுமணம் செய்யும் வரை கேட்கலாம். ஆனால் விவாகரத்தும் ஆகாமல், ‘மனம் ஒத்துப் பிரிகிறோம்’ என்று எழுதியும் கொடுத்த பெண்? கணவர் தரப்பு வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே எடுத்துப் போட்ட ஆவணம் என் கையெழுத்தில் இருந்த அந்தத் தாள்தான்.

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ‘இது உங்கள் கையெழுத்துதானே?’ ஆமாம். ‘நீங்கள் முதுகலைப் பட்டதாரிதானே?’ ஆமாம். ‘மனம் ஒத்துப் பிரிகிறோம் என்றால் அர்த்தம் தெரிந்துதானே எழுதினீர்கள்?’ என்ன சொல்வது? அடி தாங்காமல் வந்த பெண்ணுக்கு அன்றைக்கு மன்றத்தில் வேறு வழி இருக்கவில்லை, அதைச் சம்மதம் என்று எழுதியது என் தவறு என்றேன். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். ஜீவனாம்சம் கேட்கும் உரிமையைத் தனிப்பட்ட ஒப்பந்தத்தில் கைவிட முடியாது, அதிலும் மகளின் உரிமையை யாருமே எழுதிக் கொடுக்க முடியாது என்று கடைசியில் உத்தரவானது. ஆனால் இந்த ஒரு தாளைப் பற்றிய சண்டைக்கு மட்டும் பதினொரு வாய்தா போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் செல்விக்கு ஒரு நாள் கூலி போனது.

மூன்றாவதுதான் எனக்கு இன்றும் தூக்கம் கெடுப்பது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956-இன் 6-ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது. 2019-இல் அந்தப் பையனுக்கு நான்கு வயது. அன்று நாங்கள் செல்வியை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போயிருந்தால் சட்டமே அவர் பக்கம் நின்றிருக்கும். ‘ஆம்பளப் புள்ள, வாரிசு, அப்பன் வீட்லதான் இருக்கணும்’ என்று ஒரு பெரியவர் சொன்னார். மனுதர்மத்தை எரித்த வரலாற்றை மேடையில் பேசும் எங்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. மூன்று வருடம் கழித்து மனுப் போட்டபோது பையனுக்கு ஏழு வயது. இப்போது நீதிமன்றம் கேட்கிற கேள்வி வேறு: குழந்தை எங்கே பழகியிருக்கிறது, எந்தப் பள்ளியில் படிக்கிறது, இடம் மாற்றினால் பாதிக்குமா? குழந்தையின் நலனே முதன்மை என்பது சரியான கோட்பாடுதான். ஆனால் கடந்துபோன மூன்று வருடமும் தந்தை வீட்டின் சாட்சியாக நின்றது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்ற வளாகத்தில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு. முதல் சனிக்கிழமை அவன் செல்வியை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டான்.

இவ்வளவும் எழுதுவது குற்ற உணர்ச்சியைக் கொட்ட அல்ல. நம் அமைப்புகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. வன்கொடுமை என்றால் இரவு இரண்டு மணிக்கும் காவல் நிலையத்தில் நிற்போம். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு விட்டுப்போயிற்று என்று விரல்விட்டுச் சொல்வோம். அதே தெருவில் ஒரு பெண் அடிபட்டு வந்தால் அது ‘குடும்பப் பிரச்சினை’. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகள் மனப்பாடமாகத் தெரிந்த தோழருக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு தெரியாது. ஆதிக்க சாதிக் கட்டப்பஞ்சாயத்தை எதிர்த்து ஊர்வலம் போகிற நாம், பெண் விஷயத்தில் மட்டும் நாமே ஒரு கட்டப்பஞ்சாயத்து நடத்துகிறோம். அண்ணல் படத்தை மாட்டிவிட்டால் அது வேறு பெயர் பெறாது.

அண்ணல் சட்ட அமைச்சர் பதவியை 1951-இல் எதற்காகத் துறந்தார் என்று ஒவ்வொரு விழாவிலும் பேசுகிறோம். அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டது. பெண்ணுக்கு விவாகரத்து, சொத்து, ஜீவனாம்சம் ஆகியவற்றைச் சட்ட உரிமையாக்கும் மசோதா அது. அதற்கும் முன்பே, 1916-இல், கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில், சாதி தன்னைக் காத்துக்கொள்வது பெண்ணின் திருமணத்தைக் கட்டுப்படுத்துவதன் மூலம்தான் என்று காட்டியவர் அவர். ‘நமக்குள் நடப்பது’ என்று ஒதுக்க அவரிடம் எதுவும் இருக்கவில்லை.

முதுகலை வகுப்பில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிகளில் பெண்களுக்குச் சுதந்திரம் அதிகம், பிடிக்கவில்லை என்றால் அறுத்துக்கொண்டு வந்துவிடலாம், மறுமணத்துக்குத் தடையில்லை, மேல்சாதிகளில்தான் இறுக்கம் என்று. பாதி உண்மை. வெளியே வரலாம்; ஆனால் வரும்போது கையில் என்ன இருக்கிறது என்று அந்தப் பாடம் கேட்கவில்லை. நிலம் கிடையாது, வீடு அவர் பெயரில் கிடையாது, பிள்ளை இடுப்பில், மறுநாள் கூலிக்குப் போக வேண்டும். கோபால் குரு 1995-இல் தலித் பெண்கள் வேறாகப் பேசுகிறார்கள் என்று எழுதினார். வெளியே சாதிக்கும் உள்ளே நம் ஆண்களின் ஆதிக்கத்துக்கும் சேர்த்து முகம் கொடுக்கிறவர்கள் அவர்கள். நம் மன்றங்களில் அவர்கள் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை. கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுகிறோம்.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். ‘கோர்ட்டுக்குப் போனா நம்ம பையனை உள்ள தூக்கி வச்சிருவான். மத்த சாதிக்காரன் சிரிப்பான்.’ இந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். காவல் நிலையத்தில் நம் ஆண்களுக்கு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் எல்லா வழக்கும் ஒன்றல்ல. ஜீவனாம்ச மனு ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கு அல்ல. உத்தரவான தொகையைக் கட்டாமல் ஏமாற்றினால்தான் சிறை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் கேட்பது பாதுகாப்பு, தங்க இடம், பணம், பிள்ளை; பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம். இதையெல்லாம் பிரித்துச் சொல்லாமல் ‘கோர்ட்டு’ என்ற ஒரே சொல்லில் பயமுறுத்திப் பெண்ணை உட்கார வைப்பது நம் தலைவர்களின் வசதிக்காகத்தான்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிபட்டால் புகார் கொடுக்க வேண்டும், ரசீது வாங்க வேண்டும், மருத்துவமனைச் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே ‘கவுன்சிலிங்’ என்று உட்கார வைத்து, பிள்ளை யாரிடம், மாதம் எவ்வளவு என்று எழுதி வாங்கினால், அந்தத் தாளுக்கும் நான் எழுதிய தாளுக்கும் மதிப்பு ஒன்றுதான். பிள்ளையைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் காவல் ஆய்வாளருக்குக் கிடையாது.

அப்படியென்றால் எங்கே போவது? பணம் இல்லாமல் வழக்கு நடத்த முடியுமா? முடியும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி உரிமை. இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்று யாராவது திருப்பி அனுப்பினால், பிரிவு 12-ஐக் காட்டுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், வட்ட நீதிமன்றத்தில் வட்டக் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். வழக்கறிஞர் கட்டணம் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, நகல் செலவு எல்லாம் இதில் அடங்கும். கணவரும் பட்டியல் சாதி என்றால் அவருக்கும் இதே உரிமை உண்டு. ‘நம்ம பையன் வக்கீல் வைக்க வட்டிக்கு வாங்கணும்’ என்ற பேச்சுக்கும் இதுதான் பதில்.

இது தேன் ஒழுகும் இடம் என்று சொல்ல மாட்டேன். செல்விக்கு முதலில் தரப்பட்ட வழக்கறிஞர் நான்கு வாய்தாவில் மூன்றுக்கு வரவில்லை. வந்த ஒரு நாளும் ‘செலவுக்கு ஏதாவது’ என்றார். சட்ட உதவி வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இருவரும் சேர்ந்து புகார் எழுதிக் கொடுத்து வேறு வழக்கறிஞர் கேட்டோம். இரண்டாவதாக வந்தவர் ஓர் இளம் பெண். கணவர் தாக்கல் செய்த சொத்து விவரப் பிரமாணத்தில் மாத வருமானம் 8,000 என்று இருந்தது. இந்தப் பிரமாணத்தை இரு தரப்பும் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும் என்றது 2020-இல் உச்ச நீதிமன்றம், ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில். அந்த வழக்கறிஞர் கேட்ட ஒரே கேள்வி: ‘வண்டிக்கு மாசம் எவ்வளவு டியூ கட்டுறீங்க?’ பதினோராயிரம். 8,000 சம்பாதிக்கிறவர் 11,000 தவணை கட்டும் அதிசயத்தை நீதிபதி புரிந்துகொண்டார்.

இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. செல்விக்கு 3,000, மகளுக்கு 2,500. குறைவுதான். ஆனால் ரஜ்னேஷ் வழக்கின் தீர்ப்புப்படி, தொகை உத்தரவு வந்த நாளிலிருந்து அல்ல, மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காகும். பதினான்கு மாதத்துக்கும் சேர்த்து 77,000. 2019-இல் நாங்கள் வாங்கிக் கொடுத்துப் பெருமைப்பட்ட 40,000-ஐ நினைத்துக்கொண்டேன்.

கட்டாமல் இழுத்தடித்தால் நிலுவை மனுப் போட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: தொகை பாக்கியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும். ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட்ட பெண்கள் பலர் இழந்திருக்கிறார்கள். சிறைக்குப் போய்விட்டு வந்தால் பாக்கி கழிந்துவிடும் என்று சில ஆண்கள் நினைக்கிறார்கள். கழியாது, 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தெருக்களில் மாதா கோவிலில் தாலி கட்டி, சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்று வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதன் விளைவு அது. அந்தப் பெண் விவாகரத்துக் கேட்டால் மனுவின் முதல் பத்தியிலேயே மதத்தை எழுத வேண்டும். கிறிஸ்தவர் என்று எழுதினால் 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். ஆனால் அந்த ஒரு வரி பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு எதிராக யார் கையிலும் சிக்கலாம். கணவர் வீட்டாரே இதைச் சொல்லி மிரட்டுவதைக் கேட்டிருக்கிறேன். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் சான்றிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எவ்வளவு கடுமையாகப் பேசியது என்று படித்தவர்களுக்கு இந்த மிரட்டலின் கனம் புரியும். இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் ஜீவனாம்சப் பிரிவு 144-ம் குடும்ப வன்முறைச் சட்டமும் எந்த மதத்துக்கும் பொது. எந்தச் சட்டப்படி திருமணம் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, பணம், தங்க இடம், தற்காலிகமாகப் பிள்ளை ஆகிய மூன்றையும் முதலில் அங்கே கேட்கலாம். விவாகரத்தை ஒரு நல்ல வழக்கறிஞரோடு உட்கார்ந்து நிதானமாக முடிவு செய்யலாம். திருமணப் பதிவு இல்லையே என்றும் பயப்பட வேண்டாம். ஜீவனாம்ச வழக்கில் திருமணத்தைக் கறாராக நிரூபிக்கத் தேவையில்லை. போட்டோ, ரேஷன் அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இவையெல்லாம் பேசும்.

சாதி மறுப்புத் திருமணங்கள் தனிக் கட்டுரைக்குரியவை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றும்போது நம் அமைப்பிலிருந்து முப்பது பேர் நிற்கிறோம். நான்கு வருடம் கழித்து அந்தத் தலித் பெண்ணைக் கணவனும் அவன் வீட்டாரும் சேர்ந்து வெளியே அனுப்பும்போது ஒருவர்கூட இருப்பதில்லை. ‘முன்னுதாரணத் தம்பதி’ பிரிந்தால் நமக்கு அவமானம் என்று நினைக்கிறோமோ என்னவோ. நான் பார்த்த ஒரு வழக்கில், குழந்தையைக் கேட்டுக் கணவர் போட்ட மனுவில், ‘காலனிச் சூழலில் வளர்வது குழந்தையின் எதிர்காலத்துக்கு உகந்ததல்ல’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள். சேரியில் பிறந்து படித்து வந்த குமாஸ்தா ஒருவர்தான் அந்த வரியை எனக்குச் சுட்டிக்காட்டினார். அந்தப் பெண்ணுக்கு அது உறைக்கவே இல்லை, கேட்டுப் பழகிய பேச்சு. தாயோடு தாயின் சமூகத்தில் வளர்ந்த பிள்ளை தாயின் சாதி நிலையைக் கோரலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் அந்தப் பெண் பக்கத்தில் யாராவது நின்றால்தானே அவருக்குத் தெரியும்?

பக்கத்தில் நிற்பது என்றால் பெரிய காரியம் ஒன்றுமில்லை. கைபேசியில் ஈ-கோர்ட்ஸ் செயலியை ஏற்றி, வழக்கின் சி.என்.ஆர். எண்ணைப் போட்டு, அடுத்த வாய்தா தேதியைப் பார்த்துச் சொல்வது. ஒரு பைல் வாங்கி எல்லாத் தாளையும் நகலோடு அடுக்கி வைப்பது. வாய்தா நாளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் என்று அழைத்தால், அங்கே ஆன முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் நினைவுபடுத்துவது. ஆணைக்குழுவில் பயிற்சி எடுத்துச் சட்டத் தன்னார்வலராகவும் சேரலாம். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. அடையாள அட்டை இருந்தால் நீதிமன்ற ஊழியர்கள் பேசும் விதமே மாறுகிறது. வருத்தமான உண்மை, ஆனால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு அன்றிரவு மாடல் அனுப்பவில்லை என்றேன். பதிலாகப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினேன். ‘பெரியவங்க கோவிச்சுக்குவாங்கக்கா’ என்றார். கோபித்துக்கொள்வார்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர் எழுத மறுத்திருக்கிறார். சத்தம் போட்டிருக்கிறார்கள். ஏதோ பெரிய கட்சி ஆள் ஆகிவிட்டாயோ என்று கேட்டிருக்கிறார்கள். வேறு யாரோ எழுத வந்து, ‘ஜீவனாம்சம்’ எப்படி எழுதுவது என்று தடுமாறி, பேச்சு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. வெள்ளைத் தாள், சாய்ந்த கையெழுத்து, கீழே சட்ட உதவி அலுவலகத்தின் முத்திரை. அதற்கடுத்து ஒரு செய்தி: “அக்கா, வருமானச் சான்று கேட்டாங்க. பிரிவு 12 சொன்னேன். வாங்கிக்கிட்டாங்க. வக்கீல் யாருன்னு வியாழக்கிழமை சொல்றாங்களாம். அந்த அக்காவுக்கு அன்னைக்கு நூறு நாள் வேலை. லீவு போடச் சொல்லியிருக்கேன், நானும் கூடப் போறேன்.”